வீட்டுக்கு முன்னே வீட்டார்

(பொதுக்காலத்தின் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு ஒரு கட்டட வேலையைப் பற்றிப் பேசுகிறார். கோபுரம் கட்ட விரும்புகிற ஒருவர் முதலில் உட்கார்ந்து, கையில் இருப்பது போதுமா என்று கணக்குப் பார்க்கமாட்டாரா என்று கேட்கிறார். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நின்றுபோனால், பார்க்கிறவர்கள் ஏளனம் செய்வார்கள் என்கிறார். இயேசு தச்சர் வீட்டில் வளர்ந்தவர். யோசேப்பின் தொழிலைச் சொல்ல நற்செய்தியில் வருகிற கிரேக்கச் சொல் 'தெக்தோன்' என்பது. மரவேலை செய்பவரை மட்டுமல்ல, கட்டட வேலை செய்பவரையும் அந்தச் சொல் குறிக்கும். எனவே பாதியில் நின்ற சுவர்கள் எப்படியிருக்கும் என்று இயேசுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாமும் அத்தகைய சுவர்களைப் பார்க்கிறோம். பேருந்தில் போகும்போது சாலையோரத்தில் ஒரு வீடு நிற்கும். தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் வைக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது. நாம் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அடகுக்குப் போன நகை, வெளிநாட்டில் வேலை இழந்த அப்பா, பங்குத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

ஆகவே இன்று வீட்டைப் பற்றியே சிந்திப்போம். சொந்த வீடு கட்ட ஆசைப்பட்டு, இன்னும் கட்டாமல், பிள்ளைகள் ஒவ்வொருவராக வளர்ந்துவர, இருக்கிற வீட்டைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு வாழ்கிற குடும்பங்களைப் பற்றிச் சிந்திப்போம். நம்மில் பெரும்பாலோர் வந்த வழி அதுதான்.

திருமணமான புதிதில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் நமக்குப் போதுமாயிருந்தன. முதல் பிள்ளை பிறந்ததும் தொட்டில் கட்ட ஓர் உத்திரம் தேடினோம். இரண்டாவது பிள்ளை வந்ததும் வேறொரு வாடகை வீட்டுக்கு மாறினோம். அங்கே மழைக்கு மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது. பிறகு அம்மாவோ மாமியாரோ உடம்புக்கு முடியாமல் நம்மோடு வந்து தங்கினார்கள். அவர்களுக்கு ஒரு கட்டில் போட இடம் வேண்டும் என்பதற்காகவே ஊரில் பூட்டிக்கிடந்த தாத்தாவின் ஓட்டு வீட்டைத் திறந்தோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். கரையான் அரித்த சட்டங்களைக் கழற்றினோம். ஓதம் ஏறிய சுவரைக் கொத்திப் பூசினோம். போகிற வீட்டிலெல்லாம் ஓர் ஆணி அடித்துத் திருஇருதய ஆண்டவர் படத்தை மாட்டினோம். காலி செய்யும்போது படத்தை எடுத்துக்கொண்டு ஆணித் தடத்தை விட்டுவிட்டு வந்தோம்.

இப்படி நாலைந்து வீடுகளைக் கடந்த பிறகுதான் சிலருக்குச் சொந்த மனையில் கடைக்கால் தோண்டும் நாள் வருகிறது. சிலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நாம் எப்படிப் பார்க்கிறோம்? வாடகை கட்டியே காசெல்லாம் போயிற்று, பிறத்தியார் வீட்டுக்குக் கொட்டிக் கொட்டித்தான் கைவிட்டுப் போயிற்று என்று நம்மில் பலர் மனம் நொந்து பேசுகிறோம். ஆனால், அந்த ஆண்டுகளில்தான் ஒரு குடும்பம் கட்டப்படுகிறது. வீட்டுக்கு முன்னே வீட்டார் உருவாகிறார்கள். இன்று நாம் மனத்தில் இருத்த வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அன்பு நேயர்களே, இதை நமக்குக் கண்கூடாகக் காட்டுகிற ஒரு குடும்பம் திருஅவையின் வரலாற்றில் உண்டு. அது கணவன், மனைவி, பிள்ளைகள் என்று அமைந்த குடும்பம் அல்ல. ஒரே தந்தையின் பிள்ளைகளாக ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு பெருகிய குடும்பம். அதுதான் புனித பிரான்சிஸ் அசிசியாரின் குடும்பம். அவர்களுடைய கதையும் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதில்தான் தொடங்குகிறது.

இத்தாலியில் அசிசி நகரின் மதிலுக்கு வெளியே, புனித தமியான் பெயரில் இடிந்துகொண்டிருந்த ஒரு சிறு கோயில் இருந்தது. அங்கே பாடுபட்ட சுரூபத்தின் முன் செபித்துக்கொண்டிருந்த இளைஞர் பிரான்சிசுக்கு, பாழடைந்துவரும் தம் வீட்டைப் பழுதுபார்க்கும்படி ஆண்டவர் சொல்வது கேட்டது. திருஅவை முழுவதையும் புதுப்பிக்கும்படியான அழைப்பு அது என்று பின்னாளில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். பிரான்சிசோ அன்றைக்கு அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார். இடிந்த சுவர் கண்முன்னே இருந்தது. அதைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் அவர் குறுக்குவழியில் போனார். தந்தை பெரிய துணி வியாபாரி. கடையிலிருந்து துணிகளை எடுத்துக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, ஃபொலிஞ்ஞோ என்ற பக்கத்து நகரத்துக்குப் போனார். துணியையும் விற்றார், குதிரையையும் விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கோயிலில் இருந்த ஏழைக் குருவிடம் கொடுத்தார். குரு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பணத்தால் வீட்டுக்குள் பெரும் சண்டை மூண்டது. கடைசியில் ஆயர் முன்னிலையில், உடுத்தியிருந்த ஆடையைக்கூடத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார் பிரான்சிஸ்.

கட்டட வேலை உண்மையில் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் அசிசியின் தெருக்களில் கல் கேட்டுப் பிச்சை எடுத்தார். ஒரு கல் கொடுத்தால் ஒரு கைம்மாறு, இரண்டு கல் கொடுத்தால் இரண்டு கைம்மாறு என்று கூவிக் கேட்டதாக அவருடைய பழைய வரலாறு சொல்கிறது. கிடைத்த கற்களைத் தம் தோளிலேயே சுமந்தார். பட்டுத் துணியைத் தொட்டுப் பழகிய கைகள் சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்தன. தமியான் கோயிலை முடித்தார். அடுத்து புனித பேதுருவின் பெயரில் இருந்த ஒரு கோயிலைச் செப்பனிட்டார். மூன்றாவதாக, சமவெளியில் கைவிடப்பட்டுக் கிடந்த வானதூதர்களின் அன்னை மரியா கோயிலைச் சரிசெய்தார். அந்த இடத்துக்குப் போர்சியுங்குலா என்று பெயர். சின்னப் பங்கு நிலம் என்பது அதன் பொருள். இந்த மூன்றில் ஒன்றுகூட அவருக்குச் சொந்தமானதல்ல.

இங்கே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பணத்தைக் கொட்டி ஒரே நாளில் முடித்துவிட நினைத்தபோது குடும்பம் உடைந்தது. கல் கல்லாகச் சுமந்தபோது பலருடைய கைகள் சேர்ந்தன. நம் வீடுகளிலும் அப்படித்தான். மழைக்காலத்துக்கு முன் அப்பா ஏணியில் ஏறி ஓடு மாற்றுகிறார். மகன் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுக்கிறான். மகள் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுகிறாள். அம்மா வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் போடுகிறார். அந்த ஒருநாள் வேலையில் ஓர் ஓட்டின் விலை என்ன, ஒரு கொத்தனாரின் கூலி என்ன, சித்தாளாக வருகிற அக்காவின் முதுகு எவ்வளவு வலிக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாம் முடிந்த வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு நுழைகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைக்காது.

1208ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சிசோடு தோழர்கள் வந்து சேரத் தொடங்கினார்கள். செல்வந்தரான பெர்னார்து தம் உடைமைகளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சீக்கிரமே பன்னிரண்டு பேர் ஆனார்கள். உரோமைக்குப் போய்த் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவர்களின் வாய்மொழி ஒப்புதலையும் பெற்றுத் திரும்பினார்கள். குடும்பம் பெருகிவிட்டது. வீடு மட்டும் இல்லை. ரிவோடோர்ட்டோ என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு குடிசையில் தங்கினார்கள். உட்காரவும் படுக்கவும்கூட இடம் போதாத அளவுக்கு அது நெருக்கமாக இருந்ததாம். அப்போது பிரான்சிஸ் என்ன செய்தார் தெரியுமா? குடிசையின் உத்திரங்களில் ஒவ்வொரு சகோதரருடைய பெயரையும் எழுதிவைத்தார். செபிக்கவோ இளைப்பாறவோ விரும்புகிறவர் தம் பெயர் எழுதிய உத்திரத்தின்கீழ் தம் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய அமைதியை மற்றவர் குலைக்கக் கூடாது.

நேயர்களே, இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் வாழ்கிற குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உண்டு. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற மகள், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிற மகன், இருமிக்கொண்டே இருக்கும் பாட்டி, அழுகிற கைக்குழந்தை எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். சதுர அடி கூடினால்தான் அமைதி வரும் என்று நாம் நினைக்கிறோம். பெரிய வீட்டிலும் தமக்கென்று ஓர் இடம் இல்லாமல் தவிக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். ஐந்து அறை இருந்தும், பாட்டியின் கட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நம் வீட்டு உத்திரத்தில் யாருடைய பெயரெல்லாம் எழுதியிருக்கிறது? யாருடைய பெயர் விட்டுப்போயிற்று? புதிய வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இன்று இரவே கேட்கலாம். அதற்குச் செங்கல் தேவையில்லை.

அந்தக் குடிசையும் அவர்களுக்கு நிலைக்கவில்லை. ஒருநாள் ஒருவர் தம் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தார். இவர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியேறப் பார்க்கிறார்கள் என்று எண்ணி, உள்ளே போ என்று கழுதையிடம் சொல்வதுபோல் இவர்கள் காதில் விழச் சத்தமாய்ச் சொன்னார். பிரான்சிசுக்கு வருத்தமாயிருந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. சகோதரர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். திடீரென்று வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளரின் குரலைக் கேட்டவர்களுக்கு அந்த நாளின் கசப்பு தெரியும். பள்ளிக்கூடம் நடக்கும் நடு ஆண்டில், கைக்குழந்தையோடு, அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாள் அது. வீடு போய்விட்டது, குடும்பம் போகவில்லை என்று அன்று நாம் கண்டுகொண்டோம். நம்மில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்களும் இருக்கிறோம். நம் சொல் கழுதைக்காரரின் சொல்லாக ஆகிவிடாதபடி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் போர்சியுங்குலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்சிஸ் தம் கையால் செப்பனிட்ட அதே சிறு கோயில். அது சுபாசியோ மலையிலிருந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவியருக்குச் சொந்தம். மடத்து அதிபர் அதை இலவசமாகவே கொடுத்தார். ஆனாலும் பிரான்சிஸ் அதைத் தமக்கென்று வாங்கிக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாகக் கொடுத்தனுப்பினார். துறவியர் பதிலுக்கு ஒரு சாடி எண்ணெய் அனுப்பிவைத்தார்கள். கேட்காத வாடகையை ஏன் கொடுக்க வேண்டும்? இந்த வீடு எங்களுடையதல்ல, நாங்கள் இங்கே குடியிருக்கிறவர்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் சகோதரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

இன்றைய பதிலுரைப் பாடல் தொண்ணூறாம் திருப்பாடல். தலைமுறை தலைமுறையாக மனிதருக்குப் புகலிடமாய் இருப்பவர் ஆண்டவரே என்று அது தொடங்குகிறது. நம் கைகள் செய்யும் வேலையை அவர் நிலைக்கச் செய்யவேண்டும் என்று மன்றாடி முடிகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் சரி, வாடகை ஒப்பந்தம் நம் பெயரில் இருந்தாலும் சரி, கடவுள் முன்னிலையில் நாம் எல்லாரும் குடியிருக்கிறவர்களே. அதனால் நம் கை வேலை அற்பமாகிவிடாது. குடியிருக்கிற வீட்டையும் சொந்த வீடுபோலப் பேணலாம். சொந்த வீட்டையும் குடியிருக்கிற வீடுபோலத் தாழ்ச்சியோடு வைத்துக்கொள்ளலாம்.

பிரான்சிஸ் முதன்முதலில் கல் சுமந்து கட்டிய தமியான் கோயில் என்ன ஆயிற்று? அசிசியின் பிரபு குடும்பத்துப் பெண்ணான கிளாரா, வீட்டைவிட்டு வந்து துறவு வாழ்வைத் தேர்ந்துகொண்டபோது, அந்தக் கோயிலை ஒட்டிய இடமே அவருக்கும் அவருடைய சகோதரிகளுக்கும் இல்லமாயிற்று. 1253ஆம் ஆண்டு இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், புனித கிளாரா அங்கேதான் வாழ்ந்தார். 1225இல் கண்பார்வை மங்கி, நோயால் வதைபட்டுக் கிடந்த பிரான்சிசும் அங்கேதான் வந்து தங்கினார். படைப்புகளையெல்லாம் சகோதரர் என்றும் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் புகழும் தம் பாடலை அவர் அந்த நாள்களில்தான் புனைந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் யாருக்கு என்று தெரியாமல் அவர் கட்டிய சுவர், கடைசிக் காலத்தில் அவருக்கே நிழல் கொடுத்தது.

நாம் பழுதுபார்த்துவிட்டு வந்த வாடகை வீடுகளை இப்போது நினைத்துப் பார்ப்போம். நாம் அடைத்த ஒழுகலின்கீழ் இன்று வேறொரு குடும்பத்தின் குழந்தை நனையாமல் தூங்குகிறது. நாம் நட்ட முருங்கையில் வேறொருவர் கீரை பறிக்கிறார். பிறத்தியார் வீட்டுக்குக் கொட்டியதாக நாம் எழுதிவைத்த கணக்கைக் கடவுள் வேறு பக்கத்தில் எழுதியிருப்பார்.

ஆனால், ஒரு கேள்வி எழலாம். பிரான்சிஸ் துறவி. நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் சொந்த வீடு கட்ட ஆசைப்படுவது தவறா? தவறே இல்லை. ஒருமுறை பிரான்சிஸ் வெளியூர் போயிருந்தபோது, சகோதரர்கள் கூடுகிற பேரவைக்காக அசிசி மக்கள் போர்சியுங்குலாவில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பெரிய கட்டடம் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்த பிரான்சிஸ் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிக் கீழே எறியத் தொடங்கினார். இது நகரத்தாரின் கட்டடம், சகோதரர்களுக்குச் சொந்தமல்ல என்று அங்கிருந்த வீரர்கள் சொன்ன பிறகே இறங்கி வந்தார். ஏழ்மையை வாக்களித்தவருக்கு அது சரி. நாம் ஓடு பிடுங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு உறுதியான கூரை தருவது பெற்றோரின் கடமை. ஆயினும் அவருடைய அச்சத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். தாம் கட்டிக்காத்த சகோதர அன்பைக் கட்டடம் விழுங்கிவிடுமோ என்பதே அந்த அச்சம். அந்த அச்சம் நமக்கும் கொஞ்சம் இருப்பது நல்லது.

அதனால்தான் இயேசு, முதலில் உட்காருங்கள் என்கிறார். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள் என்கிறார். ஒரு கணக்கைப் பார்ப்போமே. இருபது இலட்சம் ரூபாய் வீட்டுக்கடன், நூற்றுக்கு ஒன்பது வட்டி, இருபது ஆண்டுத் தவணை. மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய் கட்ட வேண்டும். 240 மாதம் கட்டி முடிக்கும்போது நாம் கொடுத்தது 43 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். இதில் மனை விலை இல்லை, பத்திரச் செலவு இல்லை, கம்பியும் சிமெண்டும் விலை ஏறினால் வருகிற கூடுதல் செலவும் இல்லை. கடன் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடன் வாங்கித்தான் பெரும்பாலோர் கட்டுகிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தோமா என்பதே கேள்வி. கணவருக்குத் தெரியாமல் வாங்கிய குழுக் கடனும், மனைவிக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்தும் எத்தனை குடும்பங்களை உடைத்திருக்கின்றன! வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். இந்த வீட்டுக்காக நாம் எதையெல்லாம் விடப்போகிறோம் என்று அவர்களும் அறியட்டும். அப்பா இன்னும் ஐந்து ஆண்டு வளைகுடா நாட்டில் இருக்க வேண்டும் என்றால், அந்த ஐந்து ஆண்டுகளும் கணக்கில் வர வேண்டும். கோபுரத்தின் விலையில் அதுவும் சேரும்.

கட்டத் தொடங்கிய பிறகும் இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். முதலாவது, கான்கிரீட் போட்ட மறுநாளே கொத்தனார் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்வார். குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயக் கூடாது. அவசரப்பட்டால் வெடிப்பு விடும், பிறகு காலமெல்லாம் ஒழுகும். வீடு எழும்புகிற மாதங்களில் குடும்பத்துக்கும் அப்படி ஈரம் வேண்டும். சிமெண்டு, மணல், மேஸ்திரி என்ற பேச்சே வீடு முழுவதும் நிறைந்திருக்கும்போது, சேர்ந்து சொல்லும் இரவுச் செபமும் சேர்ந்து சாப்பிடும் ஒருவேளை உணவும் நின்றுவிடக் கூடாது. இரண்டாவது, இணைச்சட்ட நூல் புதுவீடு கட்டுகிறவருக்கு ஒரு கட்டளை தருகிறது. மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், யாரும் விழுந்து சாகக் கூடாது. வீடு உயரமா, அழகா என்று அங்கே பேச்சில்லை. நம் வீட்டுக்கு வருகிறவருக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதே கடவுளுடைய அக்கறை. சாரத்தில் நின்று வேலை செய்கிற தொழிலாளரையும் இந்த அக்கறை காக்க வேண்டும். அவர்களுடைய கூலியைச் சனிக்கிழமை மாலையில் இழுத்தடிக்காமல் கொடுப்பதும் கைப்பிடிச் சுவர்தான்.

இன்றைய மற்ற வாசகங்களும் இதே திசையில்தான் நம்மை அழைத்துச் செல்கின்றன. சாலமோனின் ஞானம் நம் உடலை மண்ணாலான கூடாரத்துக்கு ஒப்பிடுகிறது. அது மனத்தைப் பாரமாக அழுத்துகிறது என்கிறது. வீட்டுக் கவலையில் தூக்கம் கெட்ட யாருக்கும் இந்தப் பாரம் புரியும். பிலமோனுக்கு எழுதுகிற பவுலோ சிறையில் இருக்கிறார். அவருக்கு வீடே இல்லை. பிலமோனுக்கு வீடு இருக்கிறது. திருஅவையே கூடும் அளவுக்குப் பெரிய வீடு. அந்த வீட்டை விட்டுப் போன ஒனேசிமு என்ற அடிமையை, இனி அடிமையாக அல்ல, அன்பான சகோதரராகவே ஏற்றுக்கொள்ளும்படி பவுல் கேட்கிறார். கடித முடிவில் தமக்கும் ஓர் அறையை ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். ஒரு கிறிஸ்தவ வீட்டின் அளவு இதுதான். எத்தனை சதுர அடி என்பதைவிட, யாருக்கு அங்கே இடம் உண்டு என்பதே அதைக் காட்டும்.

உடைமையை எல்லாம் விட்டுவிடாதவர் தமக்குச் சீடராக இருக்க முடியாது என்று இயேசு இன்றைய நற்செய்தியை முடிக்கிறார். கணக்குப் பார்க்கச் சொன்னவரே விட்டுவிடவும் சொல்கிறார். இறுகப் பிடித்த கையால் கல் தூக்க முடியாது. கையைத் திறந்தவர்தான் கட்டமுடியும்.

அன்பு நேயர்களே, இது செப்டம்பர் மாதம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நம் அன்பியத்துக்குள் எந்த வீட்டில் கூரை ஒழுகும் என்று நமக்குத் தெரியும். தனியாக வாழும் கைம்பெண்ணின் வீடு, படுக்கையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் சகோதரியின் வீடு, வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களின் இருப்பிடம். இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். வின்சென்ட் தே பவுல் சபையினரோடு கலந்து, யாருக்கு எத்தனை ஓடு, எத்தனை தகரம், எத்தனை ஆள் வேலை என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். நம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். நமக்கு இன்னும் சொந்த வீடு இல்லாமல் இருக்கலாம். பிரான்சிசுக்கும் இல்லை. 1226ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மாலையில், தாம் செப்பனிட்ட போர்சியுங்குலாவின் அருகில், வெறுந்தரையில் கிடந்து அவர் உயிர் நீத்தார். சுற்றிலும் அவருடைய சகோதரர்கள் இருந்தார்கள்.

வீடு மந்திரிக்க அழைக்கும்போது புதுவீட்டுக்கு மட்டும்தான் அழைக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். வாடகை வீட்டுக்கும் அழையுங்கள். குரு தீர்த்தம் தெளிக்கும்போது பத்திரம் யார் பெயரில் என்று கேட்பதில்லை.

செபிப்போம். எங்கள் புகலிடமான ஆண்டவரே, நாசரேத்தின் எளிய வீட்டில் வளர்ந்த உம் திருமகனைப் பார்த்து எங்கள் இல்லங்களை ஆசீர்வதியும். வாடகை வீட்டில் வாழ்கிறவர்களுக்கு மனஅமைதியையும், கட்டத் தொடங்கியவர்களுக்கு விவேகத்தையும், பாதியில் நின்றுபோனவர்களுக்குத் துணைக்கரங்களையும், கடனில் தவிக்கிறவர்களுக்கு வழியையும் தந்தருளும். எங்கள் உத்திரத்தில் ஒருவர் பெயரும் விட்டுப்போகாதபடி காத்தருளும். எங்கள் கைகளின் வேலையை நீரே நிலைக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.